பனியில் கற்ற பாடம்

மார்கழி மாதத்தில் விடியற்காலையில் கோலம் போடுகிறவர்களும் பஜனைக்குப் புறப்படுகிறவர்களும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "அப்பா! என்ன பனி!" என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பனி புல் நுனியில் முத்துப்போல் நின்றுவிட்டு, சூரியன் ஒரு முழம் ஏறுவதற்குள் சொல்லிக்கொள்ளாமலே போய்விடும். இமயமலையில் பெய்து, பாதையை மூடி, வீட்டுக் கூரைகளை அழுத்தி, மாதக் கணக்கில் கிடக்கும் வஸ்துவுக்கும் நாம் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். ஒரே பெயருடைய இரண்டு பையன்கள் ஒரே வகுப்பில் இருந்தால் உபாத்தியாயருக்கு ஏற்படும் சங்கடம் எனக்குத் தெரியும். ஒருவன் பரம சாதுவாக இருப்பான். மற்றவனைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நலம். சாதுவை நினைத்துக்கொண்டு மற்றவனிடம் போய் அகப்பட்டுக்கொண்ட கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள், திருத்த வேண்டிய விடைத்தாள்களை ஒரு பெட்டியிலும் கம்பளிச் சட்டைகளை மற்றொரு பெட்டியிலும் அடைத்துக்கொண்டு, மனைவியோடும் மகளோடும் சண்டிகருக்கு ரயில் ஏறினேன். அங்கே என் மைத்துனன் உத்தியோகத்தில் இருக்கிறான். அப்போதுதான் அவன் புதிதாக ஒரு கார் வாங்கியிருந்தான். "ஸெடான்" என்று சொல்லப்படும் ரகம். முன்னால் எஞ்சின், நடுவில் மனிதர், பின்னால் சாமான் என்று மூன்று அறைகளாக வகுத்துக் கட்டிய தாழ்வான வண்டி. பளபளவென்று முகம் பார்க்கலாம்போல் இருந்தது. அதற்குச் செலுத்த வேண்டிய தவணைகளில் முக்கால்வாசி பாக்கி என்பதையும் மைத்துனன் மறைக்கவில்லை.

அந்தக் காரிலேயே மணாலிக்குப் போனோம். மறுநாள் காலையில் ஆகாயம் நீலமாக, மாசு மறுவின்றி விளங்கியது. அடல் சுரங்கப் பாதையைக் கடந்து அப்பால் லாஹௌல் பள்ளத்தாக்கிலுள்ள சிஸு என்னும் கிராமத்துக்குப் போய்ப் பனியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம் என்று ஏற்பாடு. நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரர், "டயருக்குப் பூட்டும் சங்கிலி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்" என்றார். மைத்துனன் ஆகாயத்தைக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுரங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. முன்காலத்தில் மணாலியிலிருந்து லாஹௌலுக்குப் போக வேண்டுமானால் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைத் தாண்ட வேண்டும். ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் அந்தக் கணவாய் பனியால் மூடிக் கிடக்கும். அப்பால் இருக்கும் ஜனங்கள் அத்தனை காலமும் பாதையில்லாமல் அடைபட்டிருப்பார்கள். 1960-ஆம் ஆண்டில் ஏற்பட்ட எல்லைப்புறச் சாலை நிறுவனத்தார் அந்த மலையைக் குடைந்து, 9.02 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வழி அமைத்தார்கள். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. நம் நாட்டுப் பொறியியலாளர்களும், ஜார்க்கண்ட் போன்ற தூர தேசங்களிலிருந்து கூலிக்கு வந்து இமயமலைச் சாலைகளில் பாடுபடும் தொழிலாளர்களும் செய்திருக்கும் காரியத்தைக் கண்ணால் பார்த்தால் தலை தானே வணங்கும்.

ஆனால் சுரங்கம் ஒரு நன்மையோடு ஒரு மயக்கத்தையும் கொண்டு வந்துவிட்டது. கணவாய் இருந்தபோது பனிக்கு முன்னால் மனிதன் தானாகவே நின்றான். இப்போதோ தாழ்வான காரில் சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்குள் மலையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். சுரங்கத்துக்குள் பாதை உலர்ந்து, விளக்குகள் ஒளிர்ந்து, பட்டணத்துச் சாலைபோல் இருக்கிறது. அதன் இரண்டு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றன என்பது யாருக்கு ஞாபகம் வருகிறது?

எங்களுக்கு வரவில்லை. சிஸுவில் என் மகள் பனியை உருட்டித் தன் மாமாவின் மேல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, பகல் இரண்டு மணிக்கு ஆகாயம் சாம்பல் நிறமாயிற்று. போலீஸ்காரர்கள் வந்து எல்லோரையும் திரும்பிப் போகச் சொன்னார்கள். நாங்கள் ஒரு தேநீர் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். அந்த ஒரு தேநீரின் விலை பிற்பாடுதான் தெரிந்தது.

சுரங்கத்தின் தெற்கு வாயிலை விட்டு வெளியே வந்ததும் உலகமே வெள்ளையாகிவிட்டது. எதிரே நாலு வண்டி தூரம்கூடத் தெரியவில்லை. மைத்துனன் பிரேக்கை அழுத்தினான். வண்டி அவன் உத்தரவைச் சிறிதும் மதிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினான், சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. நேராகச் சறுக்கிக்கொண்டே போய், மலைப் பக்கம் குவிந்திருந்த பனியில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. மறுபக்கம் பள்ளம். எந்தப் பக்கம் சறுக்குவது என்பதை அன்று நாங்கள் தீர்மானிக்கவில்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதை நான் பதினோராம் வகுப்புக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் குணகம் சுமார் 0.7. மிதிபட்டு இறுகிய பனியில் அது சுமார் 0.2 ஆகக் குறைந்துவிடும். பனிக்கட்டியாக உறைந்த பாதையில் 0.1 அல்லது அதற்கும் கீழே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்தபின் உலர்ந்த சமதளச் சாலையில் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 31 மீட்டர் ஓடும். பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேல் போகும். அது சமதளத்தில். பத்தடிக்கு ஓரடி இறங்கும் மலைச் சரிவாக இருந்தால், 0.1 என்னும் அந்தக் கொஞ்சநஞ்சப் பிடிப்பும் சரிவுக்கே செலவாகிவிடும். வண்டி நிற்கவே நிற்காது. இதில் சூத்திரம் கஷ்டமானது அல்ல. கரும்பலகையிலிருந்து இறங்கி வந்து சாலையில் நிற்கும்போது அடையாளம் தெரிவதுதான் கஷ்டம்.

இன்னொன்று: சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்க ஆரம்பித்துவிட்டால், அதைத் திருப்புவதால் பயன் இல்லை. உருளுகிற சக்கரத்துக்குத்தான் திசை உண்டு. ஆகையால் சறுக்கும் வண்டியில், பயத்தினால் பிரேக்கை மேலும் அழுத்துகிற காலைச் சற்றே தளர்த்த வேண்டும். இக்காலத்து வண்டிகளில் அந்தத் தளர்த்தலைத் தானாகச் செய்யும் யந்திரம் இருக்கிறது. ஆனால் திசையைக் காப்பாற்றிக் கொடுக்கும் அந்த யந்திரத்தினாலும் இல்லாத பிடிப்பை உண்டாக்கிக் கொடுக்க முடியாது. நாலு சக்கரங்களையும் எஞ்சினே ஓட்டும் பெரிய வண்டிகளின் சமாசாரமும் அப்படித்தான். புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் அவை ஒஸ்தி, நிற்பதற்கு அல்ல. நிற்கும் விஷயத்தில் எல்லா வண்டிகளுக்கும் நாலே சக்கரந்தான், ஒரே பனிதான்.

எங்கள் முன்னே நீண்ட வரிசையாக வண்டிகள் நின்றன. சற்று நேரத்தில் பின்னேயும் நின்றன. மைத்துனன் எஞ்சினை முடுக்கிப் பார்த்தான். முன் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று பனியைத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கின. ஸெடான் வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. பனி அதற்கு மேல் உயர்ந்தால் வண்டி வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும். எங்கள் வண்டி படுத்துக்கொண்டது.

"பயப்படாதீர்கள், அத்தான். பாதை சரியானதும் போய்விடலாம். பெட்ரோல் நிறைய இருக்கிறது, கதகதப்பாக உட்கார்ந்திருப்போம்" என்றான் மைத்துனன். ஜன்னல்களை இறுக மூடிக்கொண்டோம். எஞ்சின் ஓடியது, உள்ளே இதமான உஷ்ணம் பரவியது. வெளியே இருட்டிவிட்டது. பனி மட்டும் சத்தமில்லாமல் பெய்துகொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "அப்பா, தலை வலிக்கிறது" என்றாள் மகள். "உயரமான இடம் அல்லவா? அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் தூங்கு" என்றேன். என் மனைவியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கும் இலேசாகத் தலை கனத்தது. சுகமான அயர்ச்சிபோல் இருந்தது.

அப்போது யாரோ ஜன்னலைப் படபடவென்று தட்டினார்கள். குல்லுத் தொப்பி அணிந்த ஒரு வயோதிகர். அந்தப் பக்கத்து வாடகை ஜீப் ஓட்டுகிறவர். எங்கள் அனுமதிக்குக் காத்திராமல் கதவைத் திறந்தார். ஒன்றன்பின் ஒன்றாக நாலு கதவுகளையும் திறந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு வண்டியின் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கைகளாலும் பனியை வாரி வாரிப் போட்டார். ஏதோ கோபமாகச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஹிந்தி பிரசார சபைப் பரீட்சைகள் எழுதித் தேறியிருந்த என் மனைவி, அந்த ஹிந்தியை ஓர் உயிருக்குப் பயன்படுத்தியது அன்றுதான். குளிர்காற்று முகத்தில் பட்டு விழித்துக்கொண்டவள், மெல்லச் சொன்னாள்:

"வண்டி மூச்சு விடுகிற வழியை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்களே, படித்தவர்கள் இல்லையா என்று கேட்கிறார்."

நேயர்களே! நான் படித்தவன்தான். ரஸாயனமும் பௌதிகமும் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். எஞ்சின் எரிக்கும் எண்ணெயிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட ஏறக்குறைய இருநூறு மடங்கு இறுக்கமாக அது பற்றிக்கொள்ளும். தலைவலி, அயர்ச்சி, தூக்கம், பிறகு விழிப்பில்லாத தூக்கம். இவற்றையெல்லாம் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். பரீட்சையில் கேள்வியாகக் கேட்டு மார்க்குப் போட்டிருக்கிறேன். அந்த வாயு என் குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "கொஞ்சம் தூங்கு" என்று அவளுக்குச் சொன்னவனும் நான்தான். புகைக்குழாயைப் பனி மூடினால் புகை வண்டிக்கு அடியிலேயே தேங்கி உள்ளே கசியும் என்பதற்கு மேதாவிலாஸம் வேண்டியதில்லை. இறங்கிப் போய் ஒரு முறை பின்னால் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் குளிருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

வெளிக்காற்றில் அரைமணி நேரத்தில் மகளுக்குத் தலைவலி தெளிந்தது. வயோதிகர் அடுத்த வண்டியின் ஜன்னலைத் தட்டப் போய்விட்டார். வரிசை முழுவதும் அப்படியே தட்டிக்கொண்டு போனார் என்று பின்னால் அறிந்தேன்.

திரும்பி வந்து, தம்முடைய ஜீப்பில் எங்களை ஏறிக்கொள்ளச் சொன்னார். அதன் சக்கரங்களில் இரும்புச் சங்கிலிகள் பூட்டியிருந்தன. மைத்துனனுக்கு மனம் வரவில்லை. "புது வண்டி. தவணைகூட முடியவில்லை. நடு மலையில் எப்படி விட்டுவிட்டு வருவது? நீங்கள் எல்லோரும் போங்கள், நான் இரவு முழுவதும் இதிலேயே இருந்துகொள்கிறேன்" என்றான். அக்காள் கோபித்தாள், நான் நியாயம் சொன்னேன், பலிக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட வயோதிகர் அவன் தோளில் கையை வைத்து ஒரே வார்த்தை சொன்னார்: "பனி எதையும் திருடாது, தம்பி. வண்டி இங்கேயே இருக்கும்."

மைத்துனன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

மணாலி வந்து சேர இரவு பதினொரு மணி ஆயிற்று. வயோதிகர் வழக்கமான கூலிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார். நாலாம் நாள் பாதை திறந்தது. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்ததைத் தவிர வண்டிக்குச் சேதமில்லை. அந்த மனிதரே பக்கத்தில் உட்கார்ந்து மைத்துனனுக்கு இறங்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். அதைச் சுருக்கமாக எழுதுகிறேன். டேராடூனிலோ சிம்லாவிலோ பிள்ளைகளை வைத்திருக்கும் நேயர்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, புறப்படும்போது இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளப்ப வேண்டும். முதல் கியரின் வேகத்தில் சக்கரம் வீணாகச் சுழலும். இறங்கும்போது ஆரம்பத்திலேயே தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். முடுக்குவதும் திருப்புவதும் நிறுத்துவதும், நிறைந்த பால் பாத்திரத்தை மடியில் வைத்திருப்பவன் செய்வதுபோல் இருக்க வேண்டும். சங்கிலியை எஞ்சின் ஓட்டும் சக்கரங்களில் பூட்ட வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் அவை முன் சக்கரங்கள். சிக்கிக்கொண்டால் எஞ்சினை அலற விடாமல், முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். சக்கரத்தடியில் மணலோ, காலடியில் கிடக்கும் மிதியடியோ போட்டால் பிடிப்புக் கிடைக்கும்.

வண்டிக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தால், எஞ்சினை ஓட்டுவதற்குமுன் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்ற வேண்டும். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் எஞ்சினை ஓட்டலாகாது. கம்பளிப் போர்வையும், குடிநீரும், கொஞ்சம் தின்பண்டமும், ஒரு சிறு மண்வெட்டியும் வண்டியில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிப் போகச் சொன்னால் உடனே திரும்ப வேண்டும். தேநீரை ஊரில் வந்து சாப்பிடலாம்.

குளிர் தேசத்தார் இதையெல்லாம் தனிமனிதருடைய புத்திசாலித்தனத்துக்கு விட்டுவிடவில்லை. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதற்காக, குளிர்காலத்துக்கென்றே மென்மையான ரப்பரில் டயர் செய்கிறார்கள். ஜெர்மனியில் பனியும் உறைவும் உள்ள சாலையில் அத்தகைய டயர் இல்லாமல் வண்டி ஓட்டுவது 2010-ஆம் ஆண்டு முதல் சட்டப்படி குற்றம். நாமோ சமவெளியில் ஓடித் தேய்ந்த டயரோடு மலையேறுகிறோம்.

இவ்வளவும் என் குடும்பக் கதையாக மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2022-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி இரவு, பாகிஸ்தானிலுள்ள மர்ரி என்னும் மலைவாசஸ்தலத்துப் பாதையில், பனி பார்க்க வந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் இப்படியே சிக்கிக்கொண்டன. பொழுது விடிந்தபோது 20-க்கு மேற்பட்டவர்கள் தங்கள் கார்களுக்குள்ளேயே மாண்டு கிடந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். குளிரில் இறந்தவர் சிலர். கதகதப்புக்காக எஞ்சினை ஓடவிட்டு, அந்த விஷ வாயுவினால் இறந்தவர் சிலர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கார்களில் இருந்த தகப்பன்மார்களும் தங்கள் குழந்தைகளிடம் "கொஞ்சம் தூங்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய ஜன்னலைத் தட்டுவதற்கு ஒரு வயோதிகர் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போதெல்லாம் கார்பன் மோனாக்ஸைடு பாடம் வரும் நாளில் நான் புத்தகத்தை மூடிவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறேன். பையன்கள் பேசாமல் கேட்கிறார்கள். குல்லுத் தொப்பிக்காரர் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் மகள் வளர்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் மார்கழிப் பனி புல்லை நனைப்பதோடு சரி. ஆனாலும் எந்தக் காரில் ஏறுவதாக இருந்தாலும், அவள் ஒரு முறை வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். அங்கே என்ன பார்க்கிறாய் என்று நான் அவளைக் கேட்பதில்லை.